விடைபெற்ற பிறகும் ஒரு மாதம்

தனக்குத் தானே பிரிவு விருந்து வைத்துக்கொண்ட குடும்பம் எங்கள் தோட்டத்தில் எங்களுடையது ஒன்றுதான். முறைப்படி பார்த்தால் இருக்கிறவர்கள் போகிறவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். நானும் ஜாடைமாடையாகப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "போறதுக்கு முந்தி எல்லாரும் ஒரு நாள் ஒண்ணா உக்காந்து சாப்புடணும் லா" என்றேன். "கண்டிப்பா லா" என்றார்கள். அதோடு சரி. கடைசியில் நானே கோழி வாங்கி, நானே மசாலா அரைத்து, கோயில் கொட்டகையில் நானே பந்தி விரித்தேன்.

நாங்கள் போவது அப்படி ஒன்றும் கண்காணாத தேசத்துக்கு அல்ல. பக்கத்துப் பட்டணமான செனாவாங்குக்கு. ரெம்பாவ் பக்கம் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து மோட்டாரில் கிளம்பினால் போட்ட ஹெல்மெட் சூடாவதற்குள் போய்விடலாம். அங்கே ஒரு தொழிற்சாலையில்தான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். தினமும் காலையில் கம்பெனி பஸ் வந்து என்னை அங்கே கொண்டுபோய்க் கொட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். இனிமேல் சாயங்காலம் திரும்ப வர மாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்குத்தான் நான் கப்பலேறுகிறவள் மாதிரி ஊரைக் கூட்டினேன்.

ஆனாலும் என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி, வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்து வீடுகளில் ஒன்றுக்கு வந்தபோது எனக்குச் சோறு வடிக்கக்கூடச் சரியாகத் தெரியாது. இங்கேதான் மகளைப் பெற்றேன். இங்கேதான் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். தோட்டத்தில் நம் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலியான வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடிவந்துகொண்டிருந்தார்கள். போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் நின்று கையசைத்தவள் நான். என் முறை வரும்போது நன்றாக நாலு பேர் அழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இது தப்பா?

நாலு பேர் என்று சொன்னது பேச்சுக்கு. எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளின் கண்ணீர்தான். பக்கத்து வீட்டு அக்காவுடையது.

எங்கள் லயத்து வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே புகை, ஒரே பேச்சு. எங்கள் வீட்டில் தாளித்தால் அங்கே தும்முவார்கள். நானும் என் கணவரும் சண்டை போட்டால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் என் கணவர் பக்கம்தான் தீர்ப்பு போகும். காலை ஷிப்டுக்கு என்னை எழுப்புவதும் அக்காதான். "மணியாச்சு, பஸ்ஸு வந்துரும், எந்திரி!" என்று சுவருக்கு மேலே ஒரு குரல் வரும். நான் வாங்கிய கைத்தொலைபேசி எதிலும் அலாரம் வைக்கக் கற்றுக்கொண்டதே இல்லை.

அக்காவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன். சிரம்பானில் லோபாக் பக்கம் பிளாட் வாங்கி அங்கே இருக்கிறான். வந்துவிடச் சொல்லிக் கூப்பிடுகிறான், அக்கா போவதில்லை. தோட்டத்தில் மரத்தடியில் உதிரும் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை இன்னும் செய்கிறார். அதிகம் பேசாதவர் என்று சொல்ல முடியாது, நிறையப் பேசுவார். ஆனால் மனசில் இருப்பதைப் பேச மாட்டார். உளுந்து, மழை, முட்டிவலி, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் திமிர், இவற்றைத்தான் பேசுவார்.

விருந்தன்று மைக் பிடித்தேன். கோயில் மைக்தான். பேச வேண்டியதை ஒரு வாரமாகக் குளியலறையில் பேசிப் பார்த்திருந்தேன். "இந்த மண் எனக்குத் தாய்வீடு" என்று ஆரம்பித்தேன். மண்டோரின் மனைவி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். இது போதாதே என்று குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். கோயில் தலைவர் மூக்கை உறிஞ்சினார். கடைசி வரிசையில் என் கணவரின் கண்கூடக் கலங்கியிருந்தது. பிறகு விசாரித்ததில் அது விறகுப் புகை என்று தெரிந்தது. பேசிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவை மட்டும் காணவில்லை.

பேச்சு முடிந்ததும் தேடிப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் பேசுனது கேட்டுச்சா?"

"ரெம்பாவ் வரைக்கும் கேட்டிருக்கும். ஏன் அந்தக் கத்து கத்துன?" என்றார். பிறகு சட்டியைத் திருப்பிக் காட்டி, "அடி புடிச்சிருக்கு பாரு. தேங்கா நாரு எங்க வெச்ச?" என்றார்.

அவர் கண்ணைக் குனிந்து பார்த்தேன். பாலைவனம். மனசு ஒரேயடியாக விழுந்துவிட்டது.

விருந்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். தானமும் செய்தேன். புது வீட்டுக்குப் பழைய சாமான் எதுவும் வேண்டாம், எல்லாம் கடையிலிருந்து நேரே அங்கே வந்து இறங்கும் என்று பெருமையாகச் சொல்லி, மாவரைக்கும் கிரைண்டரை மண்டோர் வீட்டுக்குக் கொடுத்தேன். துணி துவைக்கும் மெஷினைக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். குளிர்ப்பெட்டி, கட்டில், நான் வளர்த்த கோழிகள் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போயின. ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பொறுப்பு வருடா வருடம் என்னுடையது. அதையும் எதிர் லயத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெண்ணிடம் எல்லார் முன்னிலையிலும் ஒப்படைத்தேன். அக்காவுக்கு என் பீரோவைக் கொடுக்க நினைத்தேன். "எனக்கு எதுக்கு? அத வேற தொடைக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். புது வீடு என்று நாங்கள் சொன்னாலும் அது இன்னொருவர் இருந்துவிட்டுப் போன வீடு. கூரையை மாற்றித் தரையில் கல் பதிக்கக் குத்தகைக்காரர் ஒருவரிடம் விட்டிருந்தோம். அவர் பாதித் தரையில் கல் பதித்துவிட்டு, மீதிப் பாதிக்கு மணல் கொட்டிவிட்டு, போனை எடுக்காமல் விட்டார். என் கணவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மணல் அப்படியே இருந்தது. ஒரு பூனை மட்டும் அதில் குடிவந்திருந்தது.

ஒருவழியாக அந்த ஆள் அகப்பட்டு, வேலை முடிந்து, சாவி எங்கள் கைக்கு வந்தபோது ஆனி முடிந்து ஆடி பிறந்திருந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் இல்லாத அறையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். என் கணவர், "நாளைக்கே போயிரலாம். இங்க ஒரு சாமானும் இல்ல" என்றார். அவர் லோரி ஓட்டுகிறவர். சுருக்கமாகத்தான் பேசுவார். எனக்கும் போய்விடத்தான் ஆசை. அவர் காதருகில் குனிந்து, தாழ்ந்த குரலில், "போயிரலாங்க. இந்தக் காலத்துல யாரு ஆடி பாக்குறா?" என்றேன்.

"நான் பாக்குறேன்" என்றது சுவருக்கு மேலிருந்து ஒரு குரல்.

நான் பாயிலிருந்து எழுவதற்குள் அக்கா வாசலில் வந்து நின்றார். இடுப்பில் கை.

"என் மவன் லோபாக்குல பிளாட்டு வாங்குனப்ப என்னா சொன்ன நீ?"

என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பையன் சாவி வாங்கியதும் ஆடி மாதம்தான். ஆடியில் பால் காய்ச்சினால் அந்தக் குடும்பம் விளங்காது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அவன் விடுப்பெடுத்திருக்கிறான் என்றார்கள். வேலையைவிடக் குடும்பம் பெரிசு என்றேன். பஞ்சாங்கத்தை எடுத்துப்போய் விரல் வைத்துக் காட்டினேன். லயத்தில் யார் எந்த நல்ல காரியத்தை ஆரம்பித்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் போய்ச் சொல்வேன்.

"ஒரு மாசம் கூட்டாளி வீட்டுல படுத்துக் கெடந்தான் அவன். ஒனக்கு ஒரு நாயம், என் மவனுக்கு ஒரு நாயமா? ஆடி முடியற வரைக்கும் நீ இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்றார் அக்கா. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? மறுநாள் பொழுது விடிவதற்குள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒருத்தி, "ஆடி முடிஞ்சிதான் போறீங்களாமே? அதான் சரி. நீங்களே மாறுனா நாங்க யாரைக் கேக்குறது?" என்றாள். நான் போட்ட வேலியில் நானே மாட்டிக்கொண்டேன். இப்படியாக, கண்ணீர் விட்டு வழியனுப்பிய ஊரில் வழியனுப்பப்பட்ட நாங்கள் இன்னும் ஒரு மாதம் குடியிருந்தோம்.

அந்த மாதத்தைப் பற்றி என்ன சொல்வது? அழுது விடைகொடுத்த ஆளைத் திரும்பப் பார்ப்பதில் யாருக்கும் சுகமில்லை. அழுதவர்களுக்கு வெட்கம், அழவைத்தவளுக்கு அதைவிட வெட்கம். மண்டோரின் மனைவி என்னை எதிரில் கண்டால் எதையோ மறந்தவர் போல வீட்டுக்குள் திரும்பிப் போய்விடுவார். "இன்னும் போவலயா லா?" என்ற கேள்விக்கு முதல் வாரம் விளக்கமாகப் பதில் சொன்னேன். இரண்டாம் வாரம் சிரித்தேன். மூன்றாம் வாரம் வேறு வழியாக நடந்தேன்.

இட்லி சாப்பிட வேண்டுமென்றால் ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு மண்டோர் வீட்டுக்குப் போய், என்னுடைய கிரைண்டரில் அரைத்துக்கொள்ள அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. "பாத்து அரைங்க, கொஞ்சம் சூடாவுது" என்று அந்த வீட்டுப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அது சூடாகும் என்பது எனக்குத் தெரியாதா! கோழிகளோ யார் வீட்டுக்குப் போனோம் என்பதை மனசிலேயே வாங்கவில்லை. தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வந்து முட்டையிட்டன. முட்டையை எடுத்துக்கொண்டு லயத்தின் கடைசி வீட்டுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினேன்.

கூழ் ஊற்றும் நாளில் நான் முழுதாக உடைந்துபோனேன். பொறுப்பைத்தான் கொடுத்துவிட்டேனே, ஆனாலும் கை தானாகப் பரபரத்தது. அடுப்புப் பக்கம் போய், "உப்பு பாத்தியாம்மா?" என்றேன். "பாத்துட்டேன் அக்கா, நீங்க போயி உக்காருங்க, விருந்தாளி மாதிரி" என்றாள் அந்தச் சின்னப் பெண். அன்பாகத்தான் சொன்னாள். நான் வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடித்தேன். அது என் கூழைவிட நன்றாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது.

ஆனால் சாமியைக் கோபித்து என்ன பயன் என்று, எல்லாக் கோபத்தையும் அக்காவின் மேல் திருப்பினேன். கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. இது பழிவாங்கல். மகனை ஒரு மாதம் காக்கவைத்ததை மனசில் வைத்திருந்து, சமயம் பார்த்து என்னைத் தரையில் படுக்க வைத்துவிட்டார். விருந்தில் ஏன் அழவில்லை என்பதும் அப்போது எனக்கு விளங்கிவிட்டது. என்மேல் அன்பு இருந்தால்தானே அழுவதற்கு? இத்தனை வருடம் ஒரு விரோதியின் தும்மலுக்கு 'நூறு வயசு' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நொந்துகொண்டேன். அன்றிலிருந்து சுவருக்கு மேலே பேசுவதை நிறுத்தினேன்.

அக்கா நிறுத்தவில்லை. காலையில் வழக்கம்போல "எந்திரி, மணியாச்சு" என்று குரல் வரும். நான் பதில் சொல்லாமல் எழுந்து குளிக்கப் போவேன். சாயங்காலம் நான் வந்ததும், "இன்னிக்கு மழையில ஒரு பழம்கூடப் பொறுக்க முடியல" என்று ஆரம்பிப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். என் கணவர்தான், "ஆமாக்கா, மண்ணு ரோட்டுல லோரியே ஏறல" என்று பதில் சொல்வார். இருபது வருடத்தில் என்னிடம் பேசியதைவிட அந்த மாதம் அவர் அக்காவிடம் அதிகம் பேசினார் என்று நினைக்கிறேன்.

"உங்கம்மா தூங்கிட்டாளா?" என்று ஒருநாள் அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டார்.

"இல்ல பெரியம்மா, மொறைச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றாள் என் மகள். சிரம்பானில் கல்லூரியில் படிக்கிறாள். இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் போல.

"மொறைக்கட்டும், மொறைக்கட்டும். சாப்டாளா?"

சிறிது நேரத்தில் கருவாட்டுச் சம்பல் ஒரு கிண்ணத்தில் வந்தது. நான் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மகள் அந்தப் பக்கம் போனதும் சாப்பிட்டேன். கோபம் வேறு, கருவாட்டுச் சம்பல் வேறு. காலிக் கிண்ணத்தைக் கழுவி மகளிடம்தான் கொடுத்தனுப்பினேன். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. அந்தச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பதற்கு உள்ளபடியே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆவணி பிறந்தது. நல்ல நாள் பார்த்தோம். இந்த முறை பஞ்சாங்கத்தை என் கணவர் பார்த்தார், என்னை நெருங்கவிடவில்லை. வாரநாளாக அமைந்துவிட்டது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பந்தி இல்லை, மைக் இல்லை. மண்டோர் மட்டும் மோட்டாரில் அந்தப் பக்கம் போனார். வண்டியை நிறுத்தாமல், "வீட்டு சாவிய மறக்காம ஆபீஸு கிராணிக்கிட்ட குடுத்துருங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாய்கள், பாத்திரங்கள், சாமி படங்கள், துணி மூட்டைகள். லோரியின் ஒரு மூலைகூட நிறையவில்லை. மகளைப் பின்னால் மூட்டைகளோடு ஏற்றிவிட்டு, நான் முன்னால் ஏறக் காலைத் தூக்கினேன்.

அக்கா வேலைக்குப் போகவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அன்றைக்கும் கண்ணில் ஒன்றும் இல்லை.

பேசாமல் ஏறிப் போயிருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது? ஒரு மாதம் பூட்டி வைத்திருந்த வாய் வேறு.

"என்னாக்கா, இப்ப மனசு குளுந்துச்சா?" என்றேன். "மவனுக்காக என்னைய ஒரு மாசம் தரையில படுக்க வெச்சீங்கல்ல?"

அக்கா விளங்காமல் பார்த்தார். "மவனுக்கா? அவனுக்கு என்னா? கூட்டாளி வீட்டுல பந்து வெளாட்டு பாத்துக்கிட்டு ஜாலியா இருந்தான். அத நானு அப்பவே மறந்துட்டேன்."

"அப்பறம் எதுக்கு லா ஆடி ஆடின்னு ஊரக் கூட்டுனீங்க?"

அக்கா முந்தானை நுனியால் கையைத் துடைத்தார். கை ஈரமாக இல்லை.

"எனக்கு ஏது ஆடியும் ஆவணியும்? நானும் அந்த மனுசனும் இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு ஆடியிலதான். வீடு காலியா இருக்குன்னாங்க, வந்துட்டோம். நல்லாத்தான் இருந்தோம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், லோரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ சாவி வந்த அன்னிக்கே போறேன்னு குதிச்ச. வேற என்னா சொன்னாலும் நீ நிக்க மாட்ட. ஆடின்னா நிப்பன்னு தெரியும். இன்னும் ஒரு மாசம் ஒன் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கலாமேன்னு பாத்தேன். அவ்ளோதான். ஏறு, ஏறு, எமகண்டம் வந்துரப் போவுது."

நான் ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் லோரியைக் கிளப்பாமல் என்னைப் பார்த்தார். எதையாவது சொல்லு என்று முழங்கையால் இடித்தார். ஊருக்கே கேட்கும்படி பேசியவள், அந்த ஒரு ஆளுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா காத்துக்கொண்டு நின்றார். அவர் என்னிடம் ஆசைப்பட்டதே என் சத்தத்தைத்தான். அதைத்தான் நான் ஒரு மாதம் முழுக்க அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.